அணுக்கள் அதிர்ந்தால் காந்தம் நிலைக்குமா?

ஒற்றை மூலக்கூறு தனியாகவே காந்தமாக இருக்க முடியும் என்பது 1993-இல் தெளிவானது. இத்தாலியின் ஃபுளோரன்ஸில் ரொபெர்ட்டா செஸோலி, டாண்டே கட்டெஸ்கி ஆகியோரின் குழு ஆராய்ந்தது, 12 மாங்கனீசு அணுக்கள் கொண்ட ஒரு மூலக்கூறை. 2 கெல்வினில், அதாவது நீரின் உறைநிலைக்கு ஏறக்குறைய 271 டிகிரி கீழே, ஒருமுறை காந்தமேற்றினால் அது மாதக்கணக்கில் நின்றது. 10 கெல்வினுக்குக் கொண்டுவந்தால் நொடிக்கும் குறைவான நேரத்தில் காலி. காந்தத்தை அழிப்பது வெளியாள் அல்ல, அந்த மூலக்கூறுகள் அடுக்கிய படிகத்தின் சொந்த அணுக்கள். அவை ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன.

காந்தத்துக்கு வேர் எலக்ட்ரானின் தற்சுழற்சி. ஆய்வுக்கூடப் பேச்சில் ஸ்பின். அணு அசைவது ஸ்பின்னுக்கு எப்படித் தெரிகிறது? உலோக அணுவின் எலக்ட்ரான் மேகம் பல வேளைகளில் முழு உருண்டையாக இருப்பதில்லை. டிஸ்ப்ரோசியத்தில் அது தட்டையானது. ஸ்பின் அந்த மேகத்தோடு பிணைந்திருக்கிறது. மேகம் எப்படிப் படுக்க வேண்டும் என்பதைச் சுற்றியுள்ள அணுக்களின் மின்னூட்டம் முடிவு செய்கிறது. பக்கத்து அணு நகர்ந்தால் மின்புலம் மாறும். மின்புலம் மாறினால் மேகம் ஆடும், கூடவே ஸ்பின்னும்.

எல்லாத் திடப்பொருளிலும் இது உண்டு. ஆனால் மூலக்கூறுப் படிகங்களில் விளைவு பெரிது. அவை கயிற்றுக் கட்டில் மாதிரி. ஒரு மூலையில் ஒருவர் புரண்டு படுத்தால் மறு மூலை வரை ஆடும். மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள பிடிப்பு தளர்வானது என்பதால் அதிர்வுகளுக்குக் கொஞ்சம் ஆற்றலே போதும். ஸ்பின் நிலை மாறுவதற்கு வேண்டிய ஆற்றலும் பல சேர்மங்களில் ஏறத்தாழ அதே அளவு. இந்தப் பொருத்தம்தான் வம்பு.

ஆரம்பத்தில் வேதியியலாளர்களின் கவனமெல்லாம் ஸ்பின் கவிழாமல் தடுக்கும் ஆற்றல் தடையை உயர்த்துவதில் இருந்தது. அது மட்டும் போதாது என்பதற்கு மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செய்து 2017-இல் அறிவித்த டிஸ்ப்ரோசியம் மூலக்கூறே சாட்சி. மேலே ஒரு கார்பன் வளையம், கீழே ஒரு கார்பன் வளையம், நடுவில் டிஸ்ப்ரோசியம். எதிர்மின்னூட்டம் கொண்ட இரு வளையங்களுக்கு நடுவே தட்டை மேகம் வாகாகப் படுத்துக்கொள்கிறது. வெப்பநிலைக் கணக்கில் தடை சுமார் 1,760 கெல்வின். காந்தத் தயக்கம், அதாவது வெளிப்புலம் மாறினாலும் பழைய காந்த நிலையை உடனே விடாத தன்மை, நின்றதோ 60 கெல்வின் வரை. எவ்வளவு பெரிய இடைவெளி!

காரணம், ஸ்பின் தடையின் உச்சிவரை படிப்படியாக ஏறித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதிர்வின் ஆற்றல் ஃபோனான் என்ற சின்னச் சின்னப் பொட்டலங்களாக வரும். ஒரு ஃபோனானை வாங்கி, சற்றே வேறான இன்னொன்றை வெளியே தள்ளி, அந்த வித்தியாசத்தில் ஸ்பின் புரண்டுவிடலாம். இதற்கு ராமன் வழிமுறை என்று பெயர். ஆம், திருச்சியில் பிறந்த சி. வி. ராமன்தான், ஒளிச்சிதறலில் அவர் கண்டதைப் போலவே இங்கும் ஒன்று உள்ளே போய் வேறொன்று வெளியே வருவதால் அந்தப் பெயர்.

ஆகவே எல்லா அதிர்வையும் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஸ்பின்னோடு ஒட்டி உறவாடும் அதிர்வு எது என்று பிடிக்க வேண்டும். மான்செஸ்டர் குழுவின் கணக்கீடு மூலக்கூறுக்குள்ளேயே நிகழும் அதிர்வுகளைக் கைகாட்டியது. அவர்களுடைய மூலக்கூறின் கார்பன் வளையங்கள் ஒவ்வொன்றிலும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் வெறுமனே நீட்டிக்கொண்டு, அந்த அதிர்வுகளில் சேர்ந்து ஆடின. 2018-இல் வேறொரு குழு அறிவித்த மூலக்கூறின் வளையங்களில் அப்படி ஹைட்ரஜனே இல்லை. வளையங்கள் உலோகத்துக்கு இன்னும் நெருக்கமாகவும் இருந்தன. தயக்கம் 80 கெல்வின் வரை வந்தது. திரவ நைட்ரஜனின் கொதிநிலை 77 கெல்வின் என்பதால் ஆய்வகங்களில் இதற்குத் தனி மரியாதை.

இந்த உறவைக் கண்ணாலும் பார்க்கலாம். 2018-இல் அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் ஒரு கோபால்ட் சேர்மத்தை வலுவான காந்தப்புலத்தில் வைத்து நிறமாலை எடுத்தார்கள். புலத்தை ஏற்ற ஏற்ற இடம் பெயரும் கோடு காந்தத்துடையது; அசையாமல் நிற்பது அதிர்வுடையது. இரண்டும் வெட்டிக்கொள்ள வேண்டிய இடத்தில் வெட்டிக்கொள்ளவில்லை. ஒன்றையொன்று விலக்கி வளைந்தன. அந்த இடத்தில் எது ஸ்பின், எது அதிர்வு என்று பிரிக்க முடியாது. இரண்டும் கலந்த நிலை அது. வளைவின் இடைவெளியை அளந்தால் பிணைப்பின் வலிமை எண்ணாகவே கிடைத்துவிடும்.

இதுவரை சொன்னது அதிர்வு ஸ்பின்னை ஆட்டிவைக்கும் கதை. ஸ்பின்கள் படிகத்தையே வளைப்பதும் உண்டு. டெட்ராதயாஃபுல்வலீன் மூலக்கூறுகள் சம இடைவெளியில் வரிசையாக அடுக்கிய ஒரு செப்புச் சேர்மத்தை 12 கெல்வினுக்குக் கீழே குளிர்வித்தால், மூலக்கூறுகள் இரண்டிரண்டாக நெருங்குகின்றன. வரிசையைக் குலைக்க ஆற்றல் செலவாகும். ஆனால் ஜோடி சேர்ந்த ஸ்பின்கள் ஒன்றையொன்று ஈடுசெய்வதில் அதைவிட அதிக ஆற்றல் மிச்சமாகிறது; காந்தத்தன்மையும் மறைகிறது. 1975-இல் அறிவிக்கப்பட்ட இந்த ஸ்பின்–பையர்ல்ஸ் மாற்றம், அடுத்த 18 ஆண்டுகள் இத்தகைய மென்மையான மூலக்கூறுப் படிகங்களில் மட்டுமே தெரிந்திருந்தது. கனிமச் சேர்மம் ஒன்றில், செப்பு ஜெர்மனேட்டில், அது அகப்பட்டது 1993-இல்தான்.