கைவிளக்கின் பரீட்சை
எல்.இ.டி. டார்ச் லைட் வாங்கப் புகுகிறவர் பெட்டியில் அச்சிட்ட லூமென் கணக்கையே பிரமாணமாகக் கொள்வது வழக்கமாயினும், அது வெளிப்படும் ஒளியின் மொத்த அளவைக் குறிப்பதேயன்றி, அவ்வொளி எத்தனை தூரம் செல்லும், எவ்வளவு நேரம் நிலைக்கும் என்பதைச் சொல்வதில்லை. எஃப்.எல்.1 என்ற அமெரிக்க விதிமுறைப்படி, வெளிச்சம் 0.25 லக்ஸாக, அதாவது ஏறக்குறையப் பௌர்ணமி நிலவளவாகக் குறையும் இடமே தூரத்தின் எல்லை; நேரக் கணக்கோ, ஒளி ஆரம்ப அளவில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும்வரை நீள்வதால், 5 மணி என்றிருந்தால் 5 மணியும் ஒரே பிரகாசம் என்று நம்பிவிடலாகாது. விளக்கின் சிறிய கூடு உஷ்ணத்தை அதிகம் தாங்காதாகையால், பல விளக்குகள் சில நிமிஷங்களிலேயே தாமாக ஒளியைத் தணித்துக்கொள்கின்றன. மின்சாரம் நின்ற இரவில் மாடிப்படி இறங்க 100 லூமென் தாராளம் என்பது என் அபிப்பிராயம். நான் முதலில் பார்ப்பது பொத்தானைத்தான்: இருட்டில் தடவியவுடன் அகப்பட வேண்டும், பைக்குள் தானாக எரியவும் கூடாது.