பூட்டிய பென்டிரைவ் திறக்காதபோது

மறையாக்கம் செய்து பூட்டிய பென்டிரைவைக் கணினியில் செருகினால் இரண்டு வேலைகள் அடுத்தடுத்து நடக்க வேண்டும். முதலில் பூட்டு திறக்க வேண்டும். பிறகு, உள்ளே கோப்புகள் அடுக்கப்பட்டிருக்கும் முறையைக் கணினி புரிந்துகொண்டு, அதைத் தன் கோப்புறைகளோடு இணைக்க வேண்டும். இந்த இணைப்புக்குத்தான் மவுண்ட் என்று பெயர். சாதாரண பென்டிரைவில் முதல் வேலை கிடையாது. பூட்டிய டிரைவில் எது நின்றுபோனாலும் பழி மட்டும் பாஸ்வேர்டு மேல்தான் விழுகிறது.

திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில் இருக்கிறது. திங்கள்கிழமை மக்கள் குறைதீர் நாளுக்கு மனுவோடு வருகிறவர் பட்டா, ஆதார், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே பென்டிரைவில் போட்டுக்கொண்டு ஜெராக்ஸ் கடையில் நிற்பதுண்டு. அது பேருந்தில் விழுந்தால் குடும்பத்தின் ஆவணங்கள் மொத்தமும் யார் கையிலோ போய்ச் சேரும். ஆகவே பூட்டி வைப்பது நியாயம்தான். ஆனால் வீட்டுக் கணினியில் பூட்டியது கடைக் கணினியில் திறக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

காரணம், பூட்டுகள் பலவிதம். விண்டோஸின் பிட்லாக்கர், வெளி டிரைவ்களுக்கு 2009-இல் விண்டோஸ் 7-உடன் வந்தது. விண்டோஸின் ஹோம் பதிப்பால் இந்தப் பூட்டைத் திறக்க முடியும், புதிதாகப் போட முடியாது. லினக்ஸில் வழக்கமான பூட்டு லக்ஸ். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சேர்ந்து மாணவர்கள் கைக்கு வந்தது; அந்தப் பழக்கத்தில் லினக்ஸோடு தங்கிவிட்டவர்கள் பயன்படுத்துவது லக்ஸ்தான். மூன்றாவது வெராகிரிப்ட். இது இரண்டு பக்கமும் ஓடும், ஆனால் அந்த மென்பொருள் கணினியில் இருக்க வேண்டும். விண்டோஸில் அதை நிறுவ நிர்வாகி அனுமதியும் வேண்டும். அலுவலகக் கணினிகளில் அந்த அனுமதி ஊழியருக்கு அநேகமாகக் கிடைக்காது.

லக்ஸ் டிரைவை விண்டோஸ் கணினியில் செருகினால் பாஸ்வேர்டு கேட்காது. மாறாக, பல சமயம் ஒரு சின்னப் பெட்டி வரும்: டிரைவைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொல்லி, கீழே இரண்டு பொத்தான்கள் காட்டும். வெராகிரிப்டால் முழுதாகப் பூட்டிய டிரைவுக்கும் இதே கதை. விண்டோஸுக்குப் பூட்டு தெரியவில்லை, அவ்வளவுதான்; டிரைவ் கெடவில்லை. அவசரத்தில் இருக்கிற கடைக்காரரோ டிரைவுக்குச் சொந்தக்காரரோ ஃபார்மேட் பொத்தானை அழுத்தினால்தான் உண்மையான சேதம். கேன்சலை அழுத்திவிட்டு டிரைவை வெளியே எடுப்பது ஒன்றே சரி. எதிர்த்திசையில் நிலைமை பரவாயில்லை: லினக்ஸில் இந்தப் பூட்டுகளைக் கையாளும் கிரிப்ட்செட்அப் என்ற கருவி 2020-இல் வெளிவந்த 2.3 பதிப்பிலிருந்து பிட்லாக்கரையும் திறக்கிறது.

பூட்டு எதுவென்று தெரிந்தும் திறக்கவில்லையானால், சோதனையைக் கம்பியிலிருந்தே தொடங்க வேண்டும். மேசைக் கணினிப் பெட்டியின் முன்பக்கத் துளைகள் உள்ளே ஒரு நீண்ட ஒயர் வழியாகத்தான் மதர்போர்டுக்குப் போகின்றன; பின்பக்கத் துளைகள் நேரே மதர்போர்டிலேயே இருப்பவை. பின்னால் மாற்றிச் செருகியதும் சரியாகிவிடும் கோளாறுகள் நிறைய. யூஎஸ்பி 2.0 துளை தரும் மின்னோட்டம் 500 மில்லிஆம்பியர், 3.0 தருவது 900. பென்டிரைவுக்கு இது தாராளம். சுழலும் தட்டு உள்ள வெளி ஹார்டு டிஸ்க்குக்குப் பழைய துளையில் போதாமல் போகலாம். டிக் டிக் என்று சத்தம் வந்து அறுந்து அறுந்து இணைந்தால் பெரும்பாலும் மின்சாரம்தான் குறை.

அடுத்து, கணினி டிரைவைப் பார்க்கிறதா என்று கவனிக்க வேண்டும். விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட், லினக்ஸில் டிஸ்க்ஸ் என்ற செயலி இதைக் காட்டும். இங்கேயும் டிரைவ் தென்படவில்லையானால் பூட்டைப் பற்றிப் பேசிப் பயனில்லை. லினக்ஸில் கட்டளை வழியாகத் திறப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: பூட்டு டிரைவ் முழுவதற்கும் போடப்பட்டதா, அதன் ஒரு பகுதிக்கு மட்டுமா? பகுதியில் இருக்கும் பூட்டை முழு டிரைவின் பெயரைச் சொல்லித் திறக்கப் பார்த்தால், இது லக்ஸ் டிரைவே இல்லை என்று பதில் வரும்.

இனிதான் பாஸ்வேர்டு. கேப்ஸ் லாக்கும் நம் லாக்கும் எல்லாருக்கும் தெரிந்த சந்தேகங்கள். தமிழ்நாட்டில் கூடுதலாக ஒன்று உண்டு: தமிழ்99. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி அரசு ஏற்றுக்கொண்ட இந்த விசைப்பலகை முறை, மனு தட்டச்சு செய்யும் கணினிகளில் இயங்கிக்கொண்டே இருக்கலாம். பாஸ்வேர்டுப் பெட்டியில் தெரிவது வெறும் புள்ளிகள். ஆங்கிலம் விழுகிறதா தமிழ் விழுகிறதா என்று யாருக்குத் தெரியும்? பெட்டியின் ஓரத்தில் கண் படம் இருந்தால் அழுத்திப் பார்த்துவிடலாம்.

தமிழிலேயே பாஸ்வேர்டு வைத்தவர்களுக்கு வேறு தொல்லை. ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பும் காலும் யூனிகோடில் ஒரே குறியீடாகவும் பதிவாகலாம், இரண்டு தனிக் குறியீடுகளாகவும் பதிவாகலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். லக்ஸ் எழுத்தைப் பார்ப்பதில்லை, குறியீட்டைத்தான் பார்க்கிறது. எனவே ஒரு மென்பொருளில் வைத்த பாஸ்வேர்டு இன்னொன்றில் தவறாகிவிடக்கூடும். ஆசைதான் என்றாலும், டிரைவ் பூட்டுக்குத் தமிழ் வேண்டாம்.

சரியான பாஸ்வேர்டு போட்ட பிறகும் சில நொடிகள் அசைவே இருக்காது. திருடன் லட்சக்கணக்கில் பாஸ்வேர்டுகளை முயன்று பார்க்க முடியாதபடி வேண்டுமென்றே வைத்த தாமதம் அது. புதிய கணினியில் இரண்டு நொடி எடுப்பது பழையதில் இன்னும் இழுக்கும். லக்ஸின் இரண்டாம் பதிப்பு இந்தக் கணக்குக்கு 1 ஜிபி வரை நினைவகம் கேட்கக்கூடும். 2 ஜிபி ராம் உள்ள பழைய பெட்டியில், உலாவியில் பத்துப் பக்கம் திறந்திருந்தால், திறக்காமலே போகலாம். மற்றவற்றை மூடிவிட்டு மீண்டும் முயல வேண்டும்.

பூட்டு திறந்தும் கோப்பு தெரியாவிட்டால் கோளாறு மவுண்டில் இருக்கிறது. போன முறை ‘எஜெக்ட்’ கொடுக்காமல் பிடுங்கியதுதான் பெரும்பாலும் காரணம். லினக்ஸ் பழைய இணைப்பை இன்னும் பிடித்துக்கொண்டிருந்து, இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்று சண்டை போடும். அந்த இணைப்பை மூடினாலோ கணினியை மறுபடி தொடங்கினாலோ தீரும். கோப்பு முறைமையே பழுதாகியிருந்தால் பழுதுபார்க்கும் கட்டளையைப் பூட்டு திறந்தபின் தோன்றும் சாதனத்தின் மீதுதான் ஓட்ட வேண்டும். பூட்டிய பகுதியின் மேல் நேரடியாக ஓட்டுவது இருப்பதையும் கெடுக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் திறக்காத நிலை ஒன்று உண்டு: டிரைவின் தொடக்கத்தில் இருக்கும் தலைப்பகுதி அழிந்துபோவது. பாஸ்வேர்டு நேரடியாகக் கோப்புகளைத் திறப்பதில்லை. தலைப்பகுதியில் இருக்கும் உண்மையான சாவியைத்தான் அது விடுவிக்கிறது. லக்ஸ் 2-இல் இந்தப் பகுதி வழக்கமாக 16 எம்பி. தவறான ஃபார்மேட் தின்பது இதைத்தான். அது போனால் சரியான பாஸ்வேர்டு தெரிந்தவராலும் எதையும் மீட்க முடியாது. ஆகவே லக்ஸ் வைத்திருப்பவர்கள் கிரிப்ட்செட்அப் வழியாகத் தலைப்பகுதியின் நகலை வேறொரு இடத்தில் முன்கூட்டியே சேமித்துவிடுவது நல்லது. பிட்லாக்கரில் பாஸ்வேர்டு மறந்தவருக்குக் கைகொடுப்பது 48 இலக்க மீட்புச் சாவி. அதைக் காகிதத்தில் அச்சிட்டு டிரைவிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். தலைப்பகுதி நகலில் அதை எடுத்த நாளின் பாஸ்வேர்டுதான் செல்லுபடியாகும் என்பதால், பாஸ்வேர்டை மாற்றினால் பழைய நகலை அழித்துவிட்டுப் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.