ஆண்டுக்கு ஒரே நாள் சந்திக்கும் நட்சத்திர ஜோடி... ஆளுக்குப் பாதியாகப் பங்குபோட்ட சீனாவும் ஜப்பானும்!

வானுலகில் நெசவு நெய்யும் தேவதை ஒருத்தி. பூமியில் மாடு மேய்க்கும் இளைஞன் ஒருவன். இருவருக்கும் காதல், கல்யாணம், இரண்டு குழந்தைகள். விஷயம் தெரிந்த வானுலக ராணி, தேவதையை இழுத்துக்கொண்டு போய்விடுகிறாள். கணவன் சும்மா இருப்பானா? இறந்துபோன தன் மாட்டின் தோலைப் போர்த்திக்கொண்டு, பிள்ளைகளை இரண்டு கூடைகளில் உட்காரவைத்து, காவடிபோலத் தோளில் சுமந்தபடி விண்ணுக்கே பறக்கிறான். எட்டிப் பிடிக்கும் நேரத்தில் ராணி தன் கொண்டை ஊசியை உருவி ஒரு கோடு கிழிக்க, குறுக்கே பேராறு பாய்கிறது. அந்த ஆறுதான் பால்வீதி!

அழுத ஜோடிக்குக் கிடைத்த சலுகை, ஆண்டுக்கு ஒரே ஒரு நாள். ஏழாவது சந்திர மாதத்தின் ஏழாம் நாளில் மேக்பை பறவைகள் கூட்டமாகப் பறந்துவந்து சிறகுகளால் பாலம் கட்டும். அந்த நாளைத்தான் சீனர்கள் 'ச்சீஷி' என்று கொண்டாடுகிறார்கள். எட்டாம் நூற்றாண்டு வாக்கில் ஜப்பான் அரசவைக்குப் போன இதே விழா, அங்கே 'தனபாத்தா' ஆனது. ஜப்பான் கதையில் ராணிக்கு வேலையில்லை. காதல் மயக்கத்தில் இருவரும் வேலையையே மறந்துவிட, கோபத்தில் பிரித்துவைப்பவர் பெண்ணின் அப்பா. ஆக, அங்கே வில்லன் மாமனார்!

ஊசியில் நூல் கோத்த பெண்கள்

காதல் கதை என்றாலும், அந்தக் காலத்தில் இந்த இரவில் சீனப் பெண்கள் கேட்டது காதலனை அல்ல, கைத்திறனை. நெசவுத் தேவதையை வேண்டிக்கொண்டு, நிலவொளியில் ஊசியில் நூல் கோப்பார்கள். சிலந்தி ஒன்றைப் பெட்டிக்குள் விட்டு மூடிவைப்பார்கள். காலையில் வலை நெருக்கமாகப் பின்னியிருந்தால் வரம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

இன்று? ச்சீஷி என்றாலே ரோஜா, சாக்லேட், ஹோட்டல் விருந்து. 'சீனக் காதலர் தினம்' என்றே விளம்பரம் செய்கிறார்கள். திருமணப் பதிவு அலுவலகங்களில் அன்று கூட்டம் அலைமோதும். 2006-ல் தேசியக் கலாசார மரபுப் பட்டியலில் இதைச் சேர்த்தது சீன அரசு. ஆனாலும், ஊசியும் நூலும் குவாங்சோ நகரின் ஜூசுன் கிராமம் போன்ற சில இடங்களில்தான் மிச்சம்.

அந்தத் திறமை வேண்டுதல் ஜப்பானில் பிழைத்துக்கொண்டது. எடோ காலத்தில் கையெழுத்து அழகாக வேண்டும் என்று எழுதத் தொடங்கினார்கள். இப்போதும் பள்ளிக்கூடம், ரயில் நிலையம், கடைவீதி என எங்கும் மூங்கில் கிளைகளில் வண்ணக் காகிதங்கள் தொங்குகின்றன. பரீட்சை பாஸ் ஆவதிலிருந்து பாட்டியின் உடல்நலம் வரை எல்லா ஆசைகளும் அதில் இருக்கும்.

ஆனால், ஜப்பான் தொலைத்தது வானத்தை. 1873-ல் சூரிய நாள்காட்டிக்கு மாறியபோது, பல ஊர்களில் விழா ஜூலை 7-க்கு வந்துவிட்டது. அது அங்கே மழைக்காலம். பெரும்பாலும் மேகம்தான் தெரியும். மழை பெய்தால் ஜோடி சந்திக்க முடியாது என்று பிள்ளைகள் கவலைப்படுவார்கள். பிரமாண்டத் தோரணங்களுக்குப் பெயர்பெற்ற செண்டாய் நகரம் ஒரு மாதம் தள்ளி ஆகஸ்ட் 6 முதல் 8 வரை கொண்டாடுகிறது. 2001-லிருந்து ஜப்பான் தேசிய வானியல் ஆய்வகமே 'பாரம்பர்ய தனபாத்தா' தேதியைத் தனியாக அறிவிக்கிறது. அந்தத் தேதி பெரும்பாலும் ஆகஸ்ட்டில் வரும். சந்திர மாதத்தின் ஏழாம் நாள் என்பதால் அரைநிலா நள்ளிரவு வாக்கில் மறைந்துவிடும். பால்வீதி தெரிய அந்த இருட்டு வேண்டுமே!

நம்ம திருவோணம்தான் அவர்!

மாடு மேய்ப்பவன் எந்த நட்சத்திரம் தெரியுமா? ஆங்கிலத்தில் ஆல்டேர் எனப்படும் நம் திருவோணம். நெசவுத் தேவதை, வேகா என்கிற அபிஜித். திருவோணத்தை மூன்று நட்சத்திரங்களாகப் பார்ப்பது நம் வழக்கம். அவற்றை வாமனரின் மூன்றடி என்பார்கள். சீனக் கதையில் நடுவில் இருப்பது அப்பா. இருபுறமும் கூடைகளில் இரண்டு குழந்தைகள்!

இருவருக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 15 ஒளியாண்டுகள். ஆகஸ்ட் மாதம் இரவு 9 மணிக்கு மேல், மேகம் இல்லாத நாளில் மொட்டைமாடிக்குப் போங்கள். வடக்கே உயரத்தில் பளிச்சென்று வெண்நீலமாக மின்னுவது அவள். தலைக்கு மேலே சற்றுக் கிழக்கே, இரு பிள்ளைகளோடு நிற்பது அவன்.