இடையில் என்ன செய்தீர்கள்?

தில்லித் தமிழர் – 17

போன வாரம் ஜி.டி. எக்ஸ்பிரஸில் டைப்ரைட்டிங் சான்றிதழோடு வந்திறங்கியவர்களைப் பார்த்தோம். விண்ணப்பக் கடிதம் அவர்களுக்குப் பெரிய கவலையாக இருந்ததில்லை. தங்கள் அலுவலகத்தில் காலியிடம் இருப்பதாக அறிந்து என்று தொடங்கும் ஆங்கில வாசகம் மனப்பாடமாகவே இருக்கும். தேதியையும் கம்பெனிப் பெயரையும் மாற்றினால் தீர்ந்தது.

இன்று ஓல்டு ராஜிந்தர் நகர் சந்துகளில் தங்கியிருக்கும் நம் பிள்ளைகளுக்கு அது எளிதாக இல்லை. ஐ.ஏ.எஸ். கனவோடு வந்தவர்கள். அந்தத் தேர்வுக்குக் கடிதமே வேண்டாம், படிவம் மட்டும்தான். பொதுப் பிரிவுக்கு 6 முறை, பிற்படுத்தப்பட்டோருக்கு 9 முறை எழுதலாம். தேறாமல் வெளியே வந்து தனியார் வேலைக்கு மனுப் போடும்போதுதான் அந்தக் கேள்வி வந்து நிற்கிறது: இத்தனை வருஷம் என்ன செய்தாய்?

மயிலாடுதுறைப் பையன் ஒருவன் தன் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினான். சட்ட மசோதாக்களையும் பட்ஜெட்டையும் அலசும் ஓர் ஆய்வு நிறுவனத்துக்கு எழுதியது. ஏ.ஐ. எழுதிக் கொடுத்திருந்தது. ஆர்வம், அர்ப்பணிப்பு, குழுவாகச் செயல்படும் திறன் எல்லாம் இருந்தன. அவனுடைய மூன்று வருஷத்தைக் காணோம்.

“ஏம்ப்பா, இதைச் சொல்லவே இல்லையே?”

“பாஸ் பண்ணலையே சார். என்னன்னு எழுதறது?”

1912 பிப்ரவரி 9ஆம் தேதி, 24 வயதுக்காரர் ஒருவர் சென்னை போர்ட் டிரஸ்டுக்குக் குமாஸ்தா வேலை கேட்டு எழுதிய கடிதத்தை அவனுக்குச் சொன்னேன். கும்பகோணம் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தை இழந்தவர். பச்சையப்பன் கல்லூரிக்கு மாறியும் எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர். அவர் எழுதியது சில வரிகள்தான். மெட்ரிகுலேஷன் தேறியிருக்கிறேன், எஃப்.ஏ. வரை படித்தேன், சில பாதகமான சூழ்நிலைகளால் மேலே தொடர முடியவில்லை. அதற்குப் பிறகு என் நேரம் முழுவதையும் கணிதத்துக்கே கொடுத்து வருகிறேன். இந்த வேலையை என்னால் சரியாகச் செய்ய முடியும். அவ்வளவே. தோல்விக்கு ஒரு வாக்கியத்தில் பாதி. அடுத்த வாக்கியத்திலேயே, இடையில் என்ன செய்தேன் என்பதற்குப் பதில். புலம்பல் இல்லை, யார்மேலும் பழி இல்லை. கையெழுத்து: எஸ். ராமானுஜன்.

பிரெசிடென்சி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் பரிந்துரையும் கூட இருந்தது. சிபாரிசு இல்லாமல் நடந்ததாகச் சொன்னால் தில்லிக்காரர்கள் சிரிப்பார்கள். மார்ச் 1ஆம் தேதி வேலையில் சேர்ந்தார்.

எனக்கு வியப்பு, அந்தக் கடிதத்தில் ஒரு தேற்றம்கூட இல்லை என்பதுதான். அடுத்த ஆண்டு ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதியபோது பக்கம் பக்கமாகத் தேற்றங்கள். அதிலும் தான் போர்ட் டிரஸ்ட் குமாஸ்தா, ஆண்டுச் சம்பளம் 20 பவுண்டு, பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். போர்ட் டிரஸ்டின் கணக்குப் பிரிவுக்கு நம்பகமான ஆள் வேண்டும். ஹார்டிக்குக் கணிதம் வேண்டும். யார் படிக்கப் போகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

“அவர் ராமானுஜன், சார்.”

“1912இல் அவரும் எஃப்.ஏ. ஃபெயில்தான். நீ அந்த மூன்று வருஷமும் தினம் என்ன செய்தாய், அதைச் சொல்லு.”

மெல்லச் சொன்னான். ஒவ்வொரு பட்ஜெட்டையும் பொருளாதார ஆய்வறிக்கையையும் குறிப்பெடுத்துப் படித்திருக்கிறான். ஐ.ஏ.எஸ். மெயின்ஸ் தேர்வின் பொது அறிவுத் தாளில் மூன்று மணி நேரத்தில் 20 கேள்விகளுக்கு எழுதியாக வேண்டும். தெரிந்ததைச் சுருக்கி எழுதக் கை பழகியிருக்கிறது. அந்த நிறுவனத்தின் வேலையே இதுதான்! இதை விட்டுவிட்டு அர்ப்பணிப்பு என்று எழுதி என்ன பயன்?

அர்ப்பணிப்பை அடித்தோம். மூன்று முறை தேர்வு எழுதினேன், தேறவில்லை என்ற வரி இரண்டாம் பத்தியில் ஏறியது. படித்ததும் எழுதியதும் அதை ஒட்டியே வந்தன. முக்கால் பக்கத்தில் முடிந்தது. திங்கட்கிழமை அனுப்பினான். இதை நான் எழுதும் வரை பதில் வரவில்லை.