இரு நோய், ஒரே மனிதர்



மாற்கு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில், கெரசேனர் பகுதியின் கரையோரம், கல்லறைகளிடையே அலைந்த ஒருவரைக் காண்கிறோம். ஊரார் அறிந்த ஒரே வைத்தியம் சங்கிலி. இயேசுவோ அஞ்சாது அவருடன் பேசினார், பெயரைக் கேட்டார்.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களும் துயர் பல கண்டவை. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கிண்ணியாவையும் மூதூரையும் தாக்கியது. 2006இல் மூதூர் மக்கள் போரினால் இடம்பெயர்ந்தனர். 2009இல் போர் ஓய்ந்தாலும் பல உள்ளங்கள் ஓயவில்லை. உறக்கம் வராத இரவுக்குச் சாராயத்தையும் கசிப்பையும் மருந்தாக்கிக்கொண்டவர் பலர். மது அச்சத்தைச் சிறிது நேரம் மறைக்கும். பின்னர் மனச்சோர்வை ஆழமாக்கும். கஞ்சாவும் ‘ஐஸ்’ போதைப்பொருளும் இல்லாத குரல்களைக் கேட்கச் செய்யக்கூடும். இவ்வாறு ஒரு நோய் மற்றதை வளர்க்கிறது.

“முதலில் குடியை நிறுத்திவிட்டு வா” என ஓரிடத்திலும், “முதலில் மனநோயைக் குணமாக்கிக்கொண்டு வா” என வேறிடத்திலும் திருப்பியனுப்பப்படுவதே இத்தகையோரின் பெருந்துன்பம். இரண்டிற்கும் ஒரே காலத்தில், ஒருங்கிணைந்து சிகிச்சை தரவேண்டும் என்கிறது இன்றைய மருத்துவம். இங்கேதான் சமூகப் பணியாளரின் தொண்டு தொடங்குகிறது. அவர் வீடு தேடிச் செல்கிறார். மனைவியின் கண்ணீரைக் கேட்கிறார். கிளினிக் நாளில் உடன் செல்கிறார். மாத்திரை தவறாதபடி பார்க்கிறார். மீண்டும் கடற்றொழிலுக்குப் போக வழிதேடுகிறார். நோயாளர் மறுபடி குடித்தாலும் அவர் வருவதை நிறுத்துவதில்லை.

இது ஒழுக்கக்கேடு அன்றி நோயா எனச் சிலர் கேட்கலாம். சீன வைத்தியரான புனித மாற்கு ஜி தியென்சியாங், வயிற்று நோய்க்கு அபின் உட்கொண்டு அதற்கு அடிமையானார். அதை நோயென அன்று அறியாததால், ஏறத்தாழ 30 ஆண்டுகள் அவருக்கு நற்கருணை மறுக்கப்பட்டது. அவரோ ஆலயத்தை விட்டு அகலவில்லை. 1900இல் விசுவாசத்திற்காக உயிர்நீத்த அவரை, 2000ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் புனிதராக உயர்த்தினார்.

உங்கள் இல்லத்தில் இத்தகைய ஒருவர் இருப்பின், குடும்ப மானத்தை எண்ணி மறைக்காதீர்கள். “குடிகாரன்”, “பைத்தியம்” என்னும் சொற்களை விலக்குங்கள். நெடுநாள் குடித்தவரை அறையில் பூட்டித் திடீரென நிறுத்தச் செய்யாதீர்கள். வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து நேரலாம். வைத்தியரிடம் குடியையும் மனநிலையையும் சேர்த்தே சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தையும் அழைக்கலாம். செபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

குணம்பெற்ற அம்மனிதர் இயேசுவுடன் இருக்க வேண்டினார். ஆண்டவரோ அவரைத் தம் வீட்டாரிடம் அனுப்பினார். திரும்பி வருபவரை ஏற்க ஒரு வீடு வேண்டும். அந்த வீடாக நம் குடும்பங்களும் பங்குகளும் விளங்க இறையருள் வேண்டுவோம்.