ஏன் இரண்டு ஏக்கரோடு நிறுத்தினார்?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஓர் ஏக்கர் அறுவடைக்குக் கூலி 1 மார்க். ஒருவர் நாளொன்றுக்கு இரண்டரை ஏக்கர் அறுத்து, இரண்டரை மார்க் பெறுகிறார். மழைக்குமுன் அறுவடையை முடிக்கும் அவசரத்தில் பண்ணையார் கூலியை 1.25 மார்க்காக உயர்த்துகிறார். இனி அவர் எவ்வளவு அறுப்பார்?

மூன்று ஏக்கர் என்றுதானே சொல்வீர்கள்? அவர் அறுத்தது இரண்டே ஏக்கர்! பெருக்கிப் பாருங்கள்: அதே இரண்டரை மார்க்.

இக்கணக்கைச் சொன்னவர் ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வெபர், 1904-05இல். (அங்கே நில அளவு வேறு, நாம் ஏக்கர் என்றே கொள்வோம்.) மேலும் மேலும் சம்பாதிப்பது மனிதனின் பிறவிக்குணமல்ல, பழகிய வாழ்க்கைக்குப் போதுமானது கிடைத்தால் நின்றுவிடுவான் என்றார் அவர்.

ஆனால் பண்டமாற்றும் பேரமும் மனித இயல்பு என்று 1776இல் ஆடம் ஸ்மித் எழுதியிருந்தாரே! அதுவும் பொய்யல்ல. முதலாளித்துவத்தைவிடச் சந்தை மிகப் பழையது. ஆனால் அன்றைய உழவர், நிலப்பிரபுவுக்கு உரியதை அளந்து, தாம் உண்டதுபோக மிஞ்சியதையே பெரும்பாலும் விற்றார். சந்தைக்குப் போகாவிட்டாலும் அடுப்பு எரிந்தது.

அப்படியானால் அந்த ‘போதும்’ என்ற மனிதர் எங்கே போனார்? இங்கிலாந்தைப் பாருங்கள். அங்கே பல ஊர்களில், நம் மேய்ச்சல் புறம்போக்கைப் போல, பொது நிலம் இருந்தது. ஏழையும் அதில் ஒரு பசுவை மேய்க்கலாம், விறகு பொறுக்கலாம். வீட்டில் பாலிருக்க, தினமும் கூலிக்கு ஏன் போகவேண்டும்? ‘பொது நிலம் ஆட்களைச் சோம்பேறியாக்குகிறது’ என்று பண்ணைக்காரர்கள் குறைப்பட்டார்கள். எனக்கென்னவோ, இந்தக் குறையில்தான் விஷயமே இருக்கிறது. 1750க்கும் 1850க்கும் இடையே பார்லிமெண்ட் ஏறத்தாழ 4,000 சட்டங்கள் இயற்றி, ஊராருக்குப் பொது உரிமை இருந்த நிலங்களை வேலியடைத்துத் தனிச்சொத்தாக்கியது. பசு போயிற்று. இனி பாலும் ரொட்டியும் விறகும் காசுக்குத்தான். அவரிடம் விற்பதற்கு இருந்ததோ உழைப்பு ஒன்றே. இரண்டு ஏக்கரோடு நிறுத்தினால் பட்டினி.

முதலாளியாலும் நிற்க முடியாது. லாபத்தை மீண்டும் தொழிலில் போடாவிட்டால் பக்கத்து ஆலை மலிவாக விற்று அவரை விழுங்கிவிடும்.

அறுவடைக்காரர் முற்றும் மறைந்துவிட்டாரா? 1997இல் நான்கு பொருளாதார அறிஞர்கள் நியூயார்க் டாக்சி ஓட்டுநர்களின் பயணக் குறிப்புகளை ஆராய்ந்தார்கள். நல்ல வருமானம் வந்த நாளில் பலர் சீக்கிரமே வீடு திரும்பியதாகக் கண்டார்கள். 2005இல் ஹென்றி ஃபார்பர் வேறு குறிப்புகளைப் பார்த்துவிட்டு, வருமானமல்ல, ஓட்டிய மணிநேரமே முக்கியக் காரணம் என்று மறுத்தார். அதன்பிறகும் வாதம் தொடர்ந்தது.