ஒலியில் போடும் குறி

ஒலித்தொகுப்பு மென்பொருளில் மார்க்கர் என்பது பதிவின் காலக்கோட்டில் ஓரிடத்தை நினைவில் வைக்கப் போடும் குறி. தையற்காரர் துணியில் சாக்குக்கட்டியால் கோடு போடுவதைப் போன்றதுதான் இதுவும். கோடு போட்டதால் துணி வெட்டுப்படுவதில்லை. மார்க்கர் போட்டதால் ஒலியில் எதுவும் கூடுவதோ குறைவதோ இல்லை.

காந்த நாடாக் காலத்தில் இதைக் கையால்தான் போட்டார்கள். சுருளை மெல்ல முன்னும் பின்னும் உருட்டி, வேண்டிய சொல் தொடங்கும் இடம் ஒலிமுனைக்கு நேராக வந்ததும் நாடாவின் முதுகில் மெழுகுப் பென்சிலால் ஒரு கோடு. அடுத்தது பிளேடு. நொடிக்கு 19 செ.மீ. ஓடும் நாடாவில் பேச்சாளர் அரை நொடி மூச்சு வாங்கினால் அது ஒன்பதரை செ.மீ. நீளம், விரலால் அளந்துவிடலாம். கணினியிலோ குறுந்தகட்டுத் தரத்தில் ஒரு நொடி என்பது 44,100 ஒலி அளவீடுகள், அதாவது மாதிரிகள், ஒரு மணி நேரம் 15,87,60,000. வேவ் கோப்பு தனக்குள் மார்க்கரைச் சேமிக்கும்போது, எத்தனையாவது மாதிரி என்ற வரிசை எண்ணாகவே அதை எழுதிக்கொள்கிறது.

இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் மார்க்கருக்கு லேபிள் என்று பெயர். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி, ரோஜர் டேனன்பர்க் இருவரும் தொடங்கி 2000இல் வெளிவந்த மென்பொருள் இது. விண்டோஸில் ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போதே கண்ட்ரோல், எம் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் அந்த இடத்தில் லேபிள் விழும், ஒலி நிற்காது. ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்துக் கண்ட்ரோல், பி (B) அழுத்தினால் அந்தப் பகுதி முழுவதற்கும் லேபிள். பிறகு லேபிளின் எழுத்தைச் சொடுக்கினால் போதும், கர்சர் அங்கே போய் நிற்கும்.

இவற்றைவிடச் சுவையானது லேபிள்களை ஏற்றுமதி செய்தால் கிடைப்பது. அது வெறும் எழுத்துக்கோப்பு. வரிக்கு ஒரு லேபிள்: தொடங்கும் நொடி, முடியும் நொடி, எழுதிய சொல். ஒற்றைப் புள்ளிக்குப் போட்ட லேபிள் என்றால் முதலிரண்டு எண்களும் ஒன்றே. நோட்பேடில் திறந்து திருத்தலாம், மறுபடி இறக்குமதி செய்யலாம். ‘வெள்ளம்’ என்று தேடினால், இரண்டு மணி நேரப் பேட்டியில் பாட்டி வெள்ளத்தைப் பற்றிச் சொன்னது எத்தனையாவது நொடி என்று ஒலியைக் கேட்காமலே தெரிந்துவிடும். கச்சேரிப் பதிவில் ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் லேபிள் இருந்தால், மென்பொருளே பாட்டுக்கொரு கோப்பாகப் பிரித்து, லேபிளில் உள்ள சொல்லையே கோப்பின் பெயராகவும் வைத்துவிடும்.

ஆனால் லேபிளில் ‘1’, ‘2’, ‘முக்கியம்’ என்று எழுதுவோர்தான் அதிகம். போட்ட அன்று அது போதும். மூன்று மாதம் கழித்து ‘முக்கியம்’ என்றால் என்னவென்று போட்டவருக்கே தெரியாது. ‘மாடு விற்ற கதை’, ‘இருமல், வெட்டு’ என்று இரண்டு மூன்று சொல்லில் எழுதுவதற்கு ஐந்து நொடி ஆகுமா?

இன்னொரு சறுக்கல் வெட்டும்போது நேர்கிறது. ஒலியில் பத்து நொடியை நீக்கினால் பின்னால் உள்ள ஒலி முன்னே நகரும், லேபிள்கள் பழைய இடத்திலேயே நின்றுவிடும். டிராக்குகளைச் சேர்த்துப் பூட்டும் சிங்க்-லாக் வசதியை முதலிலேயே போட்டுவிட்டால் இரண்டும் சேர்ந்து நகரும்.

எம்பி3ஆக ஏற்றுமதி செய்யும்போதும் ஆடாசிட்டியின் லேபிள்கள் கூடவே போவதில்லை. அந்த எம்பி3ஐ மட்டும் வைத்துக்கொண்டு லேபிள்கள் இருக்கும் ஆடாசிட்டித் திட்டக்கோப்பை அழித்துவிடுவதால், ஒரு முறை உட்கார்ந்து கேட்டுக் குறித்த உழைப்பு முழுவதும் போய்விடுகிறது. ஊர்ப் பெரியவர்களின் பேட்டிகள் பல, யாரும் திரும்பத் திறக்காமல் வன்தட்டுகளில் கிடப்பதற்கு, உள்ளே எது எங்கே இருக்கிறதென்று தெரியாததும் ஒரு காரணம். லேபிள் கோப்பைத் தனியே ஏற்றுமதி செய்து, ஒலிக்கோப்பின் பெயரையே அதற்கும் வைத்து, ஒரே அடைவில் போட்டுவைக்க வேண்டும். குறுந்தகட்டுத் தரத்தில் ஒரு மணி நேர ஸ்டீரியோ வேவ் கோப்பு 635 மெகாபைட். அதன் லேபிள் கோப்பு சில கிலோபைட்டுதான்.